துள்ளி ஓடும் லாப்ரடார் எழுந்திருக்கத் தயங்குவது ஏன்?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

14 மாத ஆண் லாப்ரடாரை வளர்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

குட்டி இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தது. பெற்றோர் இரண்டும் கண்காட்சிகளில் பரிசு பெற்றவை என்றும், வம்சாவளிச் சான்றிதழ் இருப்பதால் இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்பே இல்லை என்றும் விற்றவர் சொன்னார். எலும்பு பலப்படும் என்று, வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே கால்சியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். வீடு மாடியில் இருப்பதால் குட்டி தினமும் பலமுறை படியேறி இறங்கியது. இப்போது எடை 41 கிலோ. சில மாதங்களாகக் காலையில் முன்கால்களை ஊன்றி, பின்னுடலை இழுத்துக்கொண்டு எழுகிறான். பத்தடி நடந்ததும் சரியாகிவிடுகிறது. ஓடும்போது பின்கால்கள் இரண்டையும் சேர்த்து எடுத்து வைத்து முயலைப் போலத் துள்ளுகிறான். வீட்டார் அதை விளையாட்டு என்றும், எழத் தயங்குவதைச் சோம்பல் என்றும் நினைத்திருந்தார்கள். சென்ற மாதம் பத்து நிமிடம் பந்து துரத்தியபின் பின்கால்கள் துவண்டு தரையில் சரிந்தவன், கால்மணி நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் எழுந்துவிட்டான். கால் வலியாக இருக்கலாம் என்று மனிதர்களுக்கான ஐபூபுரூஃபென் மாத்திரையில் பாதியை இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். காதில் அடிக்கடி துர்நாற்றம் வருவதால் எண்ணெய் விட்டுத் துடைக்கிறார்கள். கருத்தடை செய்யலாமா, அதற்கு முன் ஒருமுறை இணைசேர விடுவது உடலுக்கு நல்லதா, விற்றவரிடம் நியாயம் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், தம் பத்து வயது மகள், “இனிமேல் அவனோடு பந்து விளையாடவே கூடாதா?” என்று கேட்பதாக எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள். மற்றவற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதற்கு மட்டும் நிதானம் கூடாது. ஐபூபுரூஃபென் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நமக்குச் சாதாரணமான அளவே நாய்க்கு நஞ்சாகலாம். பாராசிட்டமாலும் மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தால் ஒழிய வீட்டில் கொடுக்கத்தக்கதல்ல. அளவு மீறினால் கல்லீரல் சிதையும், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். வாந்தி, உணவில் வெறுப்பு, தார் போன்ற கரிய மலம், வழக்கத்துக்கு மாறான தாகம் ஆகியவற்றுள் எதையேனும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்தைத் தொடங்குமுன் பழைய மருந்து உடலைவிட்டு நீங்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் காத்திருப்பது என்பதை அவர் அந்தத் தேதியை வைத்தே முடிவு செய்வார்.

ஓடுகிறான் என்பதால் வலி இல்லை என்று ஆகாது

லாப்ரடார் வேட்டைத் துணைநாயாக உருவாக்கப்பட்ட இனம். சுடப்பட்ட பறவையைக் குளிர்ந்த நீரில் நீந்திச் சென்று, வாயில் நசுங்காமல் கவ்விக்கொண்டு வருவதே அதன் வேலை. களைத்தாலும், முள் குத்தினாலும் வேலையை விடாத நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். அந்தக் குணம் உங்கள் வீட்டு நாயிடமும் இருக்கிறது. பந்தைக் கண்டதும் அவன் வலியை மறக்கிறான். பந்து நின்று, உடல் குளிர்ந்து, மறுநாள் காலை எழும்போதுதான் வலி தன்னைக் காட்டுகிறது. என் பரிசோதனை மேசை மீது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் லாப்ரடார்களின் தொடையைக் கையால் பிடித்துப் பார்க்கும்போது, மாதக்கணக்கில் காலைச் சரியாக ஊன்றாததால் தசை மெலிந்திருப்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுகூட முனகியதில்லை. ஆகவே 14 மாத நாய் எழத் தயங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். அந்த வயதில் நாய்க்குச் சோம்பல் இயல்பன்று.

எழச் சிரமப்படுவது, பத்தடி நடந்ததும் சரியாவது, முயலைப் போலத் துள்ளி ஓடுவது என நீங்கள் விவரிக்கும் மூன்று அடையாளங்களும் இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறைபாட்டை, அதாவது ஹிப் டிஸ்பிளேசியாவை, முதலில் நினைக்க வைக்கின்றன. இதில் குட்டி பிறக்கும்போது மூட்டு இயல்பாகவே இருக்கும். வளரும் மாதங்களில் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் இறுகப் பொருந்தாமல் தளர்ந்து அசைகிறது. அந்த அசைவால் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக வளர்கிறது, குருத்தெலும்பு தேய்கிறது, பின்னர் மூட்டழற்சி தொடங்குகிறது. ஓராண்டு நிறையும் சமயத்தில் மூட்டைச் சுற்றி நார்த்திசு தடித்து அசைவு குறைவதால் சில நாய்கள் தாமாகவே தேறிவிட்டதுபோல் தோன்றும். அது கண்டு பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் மூட்டழற்சி முற்றிய நிலையில் திரும்பி வருகிறார்கள்.

எனினும் கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவதும் லாப்ரடார்களில் மிகுதி. எடை கூடிய நாய்களில் இன்னும் மிகுதி. முன்காலில் நொண்டல் இருந்தால் முழங்கை மூட்டையும் பார்க்க வேண்டும். மயக்கம் கொடுத்துத் தசை தளர்ந்த நிலையில், சரியான கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேதான் இடுப்பைப் பற்றித் தெளிவாகப் பேசும். விழித்திருக்கும் நாயைப் பிடித்து வைத்து எடுத்த படத்தை நம்பி அறுவைச் சிகிச்சையைத் தீர்மானிக்காதீர்கள். மருத்துவரிடம் போகுமுன், அவன் காலையில் எழுவதையும், நடப்பதையும், ஓடுவதையும் பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று கைபேசியில் பதிவு செய்து கொண்டு செல்லுங்கள். மருத்துவமனையின் பரபரப்பில் நன்றாக நடந்து காட்டும் நாயைவிட அந்த ஒரு நிமிடப் பதிவு எங்களுக்கு அதிகம் சொல்லும். குழந்தைகள் வேடிக்கையாக எடுத்து வைத்த படமும் இப்போது பயன்படும்.

உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளும் இடங்கள்

கடிதத்தில் இரண்டு இடங்களில் “நாங்கள்தான் கெடுத்துவிட்டோமோ” என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மையான பதிலையே தருகிறேன். இது பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்கும் குறைபாடு. அந்த நாட்டம் இல்லாத குட்டியை மாடிப்படி மட்டும் இந்த நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் நாட்டம் உள்ள குட்டியின் மூட்டு எவ்வளவு கெடும் என்பதில் வளர்ப்புக்குப் பங்கு உண்டு. நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத வயதுவரை தினமும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடர் அதிகமாகவும், மெத்தென்ற சமமற்ற தரையில் கயிறின்றி ஓடி விளையாடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் இருப்பது தெரிந்தது. இதை அன்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் குட்டியை விற்றவரும், முதல் தடுப்பூசி போட்ட எங்களைப் போன்ற மருத்துவர்களும்தான்.

கால்சியம் கதையும் இதே போன்றது. எலும்பு பலவீனம் இந்த நோய்க்குக் காரணம் அல்ல. மூட்டின் தளர்ச்சிதான் காரணம். ஏறத்தாழ ஆறு மாதம் வரை குட்டியின் குடல் கால்சியத்தை அளவறிந்து உறிஞ்சத் தெரியாதது. கொடுப்பதில் பெரும்பகுதி உடலுக்குள் சேர்ந்து, குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கைக் குலைக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட முழுமையான உணவை உண்ணும் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் தருவது நன்மையன்று, தீங்கு. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

எடைதான் உங்கள் கையிலுள்ள மருந்து

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். வளர்ந்த ஆண் லாப்ரடாரின் எடை ஏறத்தாழ 29 முதல் 36 கிலோ வரை இருக்க வேண்டும் என்று அமெரிக்க கென்னல் கிளப்பின் இனத் தரம் சொல்கிறது. உங்கள் நாய்க்கு 34 கிலோவை இலக்காகக் கொண்டால், தளர்ந்த இடுப்பின் மீது அவன் ஏழு கிலோவைக் கூடுதலாகச் சுமந்து நடக்கிறான்.

48 லாப்ரடார்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து, வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2002-ல் வெளியானது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டழற்சியும் மெலிந்த நாய்களுக்குக் காலம் தாழ்த்தியே வந்தது. நாங்கள் எழுதித் தரும் எந்த மாத்திரையும் ஒரு லாப்ரடாருக்கு இரண்டு ஆண்டை நெருங்கும் வாழ்நாளைக் கூட்டித் தந்ததாக நான் அறியேன்.

“எவ்வளவு போட்டாலும் பசிக்கிறது என்கிறானே” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கற்பனையும் அல்ல, அவன் பேராசையும் அல்ல. பசியை அடக்கும் செய்தியை மூளைக்குச் சொல்லும் பிஓஎம்சி என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்த மாற்றம் உண்டு. இது உள்ள நாய் உணவுகளுக்கு இடையில் அதிகம் பசிப்பதோடு, ஓய்வில் இருக்கும்போது ஆற்றலையும் குறைவாகவே செலவிடுகிறது என்று 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் இந்த இனத்தின் புகழ்பெற்ற பணிவில் இந்தப் பசிக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற உதவிப் பணிகளுக்குப் பயிற்றப்பட்ட லாப்ரடார்களில் இந்த மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே தட்டை நக்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் பார்வையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். எடைக்கருவியை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

இலக்கு எடையான 34 கிலோவுக்கு, ஓய்வுநிலை ஆற்றல் தேவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 985 கலோரி. எடைக் குறைப்பைப் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குவோம். அதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தின்பண்டமாகப் போகக்கூடாது; வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்போடு ஊட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும். கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். கோப்பைக் கணக்கு ஒவ்வொரு கைக்கும் மாறும். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறைவது பாதுகாப்பானது. ஒரு விழுக்காடு என்றால் முதலில் 400 கிராம் அளவில் குறையும். ஏழு கிலோவும் கரைய நான்கு முதல் ஐந்து மாதம் ஆகும். வழக்கமான உணவையே பாதியாக வெட்டினால் புரதமும் நுண்சத்துகளும் பாதியாகிவிடும் என்பதால், எடைக் குறைப்புக்கென வகுத்த உணவை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பதே நல்லது.

அவன் சரிந்து விழுந்த நாள்

இதை வெயிலின் களைப்பு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். வெப்ப அயர்ச்சியும் லாப்ரடாருக்குக் கொடியதுதான். ஆயினும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த இளம் நாயின் பின்கால்கள் ஐந்து முதல் பதினைந்து நிமிடக் கடும் ஓட்டத்துக்குப்பின் துவண்டு, நினைவு தவறாமலே சரிந்து, சிறிது நேரத்தில் முழுவதும் தேறிவிடுவது, இந்த இனத்தில் அறியப்பட்ட தனியொரு பரம்பரை நோயின் சித்திரம். ‘உடற்பயிற்சியால் சரிதல்’ எனலாம். டைனமின்-1 மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்று 2008-ல் தெரிந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகளைப் பெற்ற நாய்க்கே நோய் வரும். இடுப்பு வலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒரே நாயில் இருக்கலாம்.

கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுத்த மாதிரியிலோ சிறிது இரத்தத்திலோ இதைச் சோதிக்க முடியும். இதயத் துடிப்பின் ஒழுங்கு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் உடன் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அவற்றின் கோளாறும் இப்படிச் சரியவைக்கும். முடிவு வரும்வரை அவன் வெறிகொண்டு ஓடும் எந்த விளையாட்டும் வேண்டாம். நடை தள்ளாடத் தொடங்கிய அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தள்ளாடியபின்னும் ஓடவிடப்பட்ட சில நாய்கள் இறந்திருக்கின்றன. மீண்டும் விழுந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் நனையும்படி குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடிவிடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே தேக்கும். குளிரவைப்பதை முதலில் தொடங்கிவிட்டு, அதன்பின் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இடுப்பு மூட்டுக் கோளாறுள்ள நாய்க்கு நான் வழக்கமாக நீச்சலைப் பரிந்துரைப்பேன். உங்கள் நாய்க்கு இந்தச் சோதனை முடியும்வரை பரிந்துரைக்க மாட்டேன். தரையில் சரிந்தவன் எழுந்துவிடுவான். நீரில் சரிந்தவன் மூழ்கிவிடுவான்.

இடுப்புக்கு என்ன வழிகள்

எக்ஸ்ரே ஹிப் டிஸ்பிளேசியாவை உறுதி செய்தால், கிண்ணத்தின் கோணத்தைத் திருத்தும் அறுவைக்கான காலம் உங்கள் நாய்க்குக் கடந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது மூட்டழற்சி தொடங்காத, ஏறத்தாழ பத்து மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கானது. எஞ்சியவை மூன்று. முதலாவது அறுவையில்லாப் பராமரிப்பு: எடைக் குறைப்பு, ஒரேயடியாக ஓடவிடாமல் நாளைக்கு மூன்று நான்கு முறை கயிற்றில் பிடித்துச் சிறுநடை, வழுக்கும் தரையில் விரிப்பு, நகங்களைக் குட்டையாக வைத்தல், வண்டியில் ஏறச் சாய்பலகை, தேவைப்படும் நாட்களில் இரத்தப் பரிசோதனையுடன் கூடிய நாய்க்குரிய வலி மருந்து. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. பெரிதும் விற்கப்படும் குளுக்கோசமினுக்குச் சான்று வலுவாக இல்லை. இரண்டாவது, செயற்கை இடுப்பு மூட்டு பொருத்துவது. நன்றாக அமைந்தால் இயல்பான நடைக்கு மிக அருகில் கொண்டு வருவது இதுவே. ஆனால் செலவு மிகுந்தது, இதில் தேர்ந்த அறுவை நிபுணர்கள் குறைவு, மூட்டு விலகுதலும் கிருமித்தொற்றும் நேரக்கூடும். மூன்றாவது, தொடை எலும்பின் தலையை வெட்டி நீக்கிவிடுவது. எடை குறைந்த நாய்களுக்குப் பொருந்தும் இது, 41 கிலோ நாய்க்கு ஏமாற்றத்தைத் தரலாம்.

என் கருத்து இது: கடும் வலியோ தசைநார்க் கிழிவோ இல்லையென்றால், முதல் நான்கைந்து மாதம் முதல் வழியை முழு மனத்தோடு செய்து பாருங்கள். எடை குறைந்தபின் மறுபடியும் அதே இடத்தில், அதே கோணத்தில் அவன் நடையைப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். அப்போதும் எழச் சிரமப்பட்டால் செயற்கை மூட்டைப் பற்றி நிபுணரிடம் பேசலாம். எடை குறைந்த நாய்க்கு அறுவையும் மயக்க மருந்தும் எளிதாகவே இருக்கும் என்பதால் அந்த மாதங்கள் வீணாகப் போவதில்லை.

மற்றக் கேள்விகள்

காதில் எண்ணெய் விடாதீர்கள். தொங்கும் மடலுக்குக் கீழே, வளைந்து உள்ளிறங்கும் குழாயில் ஈரமும் கதகதப்பும் தேங்கும்போது ஈஸ்ட் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. எண்ணெய் அவற்றுக்குத் துணைபோகும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தபிறகே எந்தச் சொட்டு மருந்தையும் விட வேண்டும், ஏனெனில் சில மருந்துகள் உட்காதில் இறங்கினால் செவிடாக்கும். ஆண்டுக்குப் பலமுறை இது திரும்பினால் காதை மட்டும் பார்த்துப் பயனில்லை. அடியில் தோல் ஒவ்வாமை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஒருமுறை இணைசேர்ந்தால் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. இடுப்பின் நிலையும் மரபணுச் சோதனையின் முடிவும் தெரியாமல் இவனை இணைசேர விடுவது, இன்று நீங்கள் படும் வேதனையை வேறு எட்டுப் பத்து வீடுகளுக்கு அனுப்புவதாகும். கருத்தடையைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கு முன்பே செய்த லாப்ரடார்களில் மூட்டுக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன; உங்கள் நாய் அந்த வயதைக் கடந்துவிட்டான். அவசரமும் இல்லை, தடையும் இல்லை. செய்தபின் ஆற்றல் தேவை குறைந்து எடை கூடும் என்பதால், எடையைக் குறைத்தபின் செய்யலாம்.

விற்றவரைப் பற்றி: வம்சாவளிச் சான்றிதழ் பெற்றோர் யார் என்பதைத்தான் சொல்லும், அவற்றின் மூட்டு எப்படி என்பதைச் சொல்லாது. பெற்றோரின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே மதிப்பீட்டையும், கண், மரபணுச் சோதனைச் சான்றுகளையும் கேட்பது வாங்குபவரின் நியாயமான உரிமை. பிரிட்டனில் ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண் இடுகிறார்கள். குறைந்த எண்ணே நல்ல மூட்டு. நல்ல மதிப்பெண் உள்ள பெற்றோருக்கும் சில வேளை பழுதுள்ள குட்டி பிறக்கும் என்பதால், நோய் வந்ததாலேயே அவர் ஏமாற்றினார் என்று முடிவு கட்டாதீர்கள். “வாய்ப்பே இல்லை” என்று அவர் எழுத்தில் உறுதியளித்திருந்தால் அந்தத் தாளோடு வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசுங்கள். எப்படியாயினும் எக்ஸ்ரே, மரபணுச் சோதனை முடிவுகளின் நகலை அவருக்கு அனுப்புங்கள். அதே இணையை அவர் மறுபடியும் சேர்க்காமல் இருக்க அது உதவும்.

தடுப்பூசி, உண்ணி, இதயப்புழு மருந்து ஆகியவற்றைத் தவறாமல் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தேங்கிய நீரில் இறங்கும் வழக்கம் இருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் கேளுங்கள். அது வீட்டாருக்கும் தொற்றக்கூடிய நோய். வயிறு உப்பி, வாந்தி வராமலே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் மகளிடம், பந்தை எறிவதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சொல்லுங்கள். அவன் கண்ணில் படாமல் பந்தைப் புல்லிலோ, விரிப்புக்கு அடியிலோ, அட்டைப்பெட்டிக்குள்ளோ ஒளித்து வைத்து, “தேடு” என்று அனுப்பச் சொல்லுங்கள். மூக்கால் மோப்பம் பிடித்து, நடந்தே போய், கண்டெடுத்துக் கவ்விக்கொண்டு வந்து அவள் கையில் வைப்பான். திடீர்த் திருப்பமும் பாய்ச்சலும் இல்லாததால் இடுப்பு நோகாது. பரிசாகத் தின்பண்டம் தருவதாக இருந்தால், அன்றைய உணவிலிருந்தே நான்கைந்து மணிகளை எடுத்து அவள் சட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள்.